முள்ளியாற்றான் ஐயாவுக்குத் திதி

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கிறீங்களா தம்பி? எனக்காக இல்ல. முன் சீட்டுல தூங்குறான் பாருங்க ஒரு கெழவன், அவனுக்காகச் சொல்றேன். காத்துப் பட்டா இருமுவான். இருமுனா காறுவான். காறுனா எங்க துப்புவான்னு சொல்ல முடியாது. திருத்துறைப்பூண்டியில ஏறினதும் ஒருதரம் துப்பினான், பக்கத்துல இருந்த அம்மா என்னையத்தான் மொறைச்சுது. நான் என்ன பண்ணுவேன், கூட வந்த பாவம்.

சொந்தமான்னா கேக்குறீங்க? ச்சீ. அப்படிக் கேக்காதீங்க. எனக்கு உடம்பெல்லாம் கூசுது.

கேமராவும் பையுமா இருக்கீங்களே, கோடியக்கரைக்குப் பறவை பாக்கவா? நல்ல சீசன். பூநாரை வந்திருக்கும். நாங்களும் கோடியக்கரைதான். பதினோரு மணிக்குள்ள கொண்டுபோய் விட்டுருவான்னு நெனைக்கிறேன்.

என் பேரு சிவக்கொழுந்து. முள்ளியாற்றான் நினைவு மன்றச் செயலாளர். ஆரம்பிச்ச நாள்லேருந்து நான்தான் செயலாளர், வேற யாருக்கும் அதுல அக்கறை கிடையாது. எழுத்தாளர் முள்ளியாற்றான் கேள்விப்பட்டிருக்கீங்களா? 'நாணற்படுகை' எழுதினவரு. என்னது, காலேஜ்ல பாடமா? பாத்தீங்களா! வழியில ஏறுன பிள்ளை படிச்சிருக்கு! கடைசி வரி ஞாபகம் இருக்கா? சொல்லுங்க, உங்க வாயால கேக்கணும்.

'அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறுதான் அவளைத் திரும்பிப் பார்த்தது.'

ஆகா. கையைப் பாருங்க தம்பி, மயிர்க்கூச்செறியுது. எத்தனை வருசமாச்சு, இன்னும் அப்படியே இருக்கு. கல்யாணப் பத்திரிகையில போடுறாங்க, கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல போடுறாங்க. அடுத்த வாரம் எங்க ஊருல ஐயாவுக்குச் சிலை திறக்குறோம். மந்திரி வர்றாரு. சிலைக்குக் கீழ கறுப்புக் கல்லுல அந்த வரிதான். நானே சுண்ணாம்புக் கட்டியால எழுதிக் கொடுத்து, நானே பக்கத்துல நின்னு வெட்ட வெச்சேன்.

ஐயா இதே கோடியக்கரைக் கடல்லதான் போனாரு. நாப்பது வருசம் இருக்கும். 'நாணற்படுகை'க்குப் பெரிய பரிசு கெடைச்சு ஊருல பாராட்டு விழா நடத்துனாங்க. பேசுன அத்தனை பேரும் கடைசி வரியைச் சொல்லித்தான் முடிச்சாங்க. ஒவ்வொருத்தரு சொல்றப்பவும் சனம் கைதட்டுது. ஐயா மேடையில தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தாரு. ஏற்புரைக்குக் கூப்பிட்டா மைக்கைப் பிடிச்சாரு, திருப்பி வெச்சாரு. அப்படியே எறங்கிப் போயிட்டாரு. மனசு நெறைஞ்சு போச்சுன்னு நாங்க நெனைச்சோம். மறுநாள் காலையில ஆளைக் காணும்.

அப்பறம் கோடியக்கரையில ஒரு ஒடம்பு ஒதுங்கியிருக்குன்னு தகவல் வந்துச்சு. மொகம் கிடையாது, மீனும் நண்டும் பாத்துக்கிருச்சு. ஆனா ஜிப்பா இருந்துச்சே! பாக்கெட்டுல மைக்கறை. யாரு மை? என் மை. நான் அப்ப அச்சாபீஸ்ல எழுத்துக் கோக்குற வேலை. புரூஃப் கொண்டுபோய்க் கொடுத்தப்ப என் கட்டைவிரல் பட்டு ஆன கறை அது. ரேகைகூடத் தெரியும். பாத்த மாத்திரத்துல ஐயாதான்னு சொல்லிட்டேன். போலீஸ்காரர் எழுதிக்கிட்டாரு.

கூட வந்திருந்த செம்பகம்மா, ஐயாவோட சம்சாரம், அது மட்டும் ஒடம்பையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அழல. "தம்பி, இது அவரு காலு இல்ல. அவருக்குப் பொட்டப்புள்ள காலு மாதிரி சின்னக் காலு"ன்னுச்சு. நான் சொன்னேன், "அம்மா, தண்ணியில ஊறுனா கை காலெல்லாம் வீங்கித்தான் இருக்கும், மனசைத் தேத்திக்கங்க." துக்கத்துல பொம்பளைங்க ஏதேதோ சொல்லும். அதையெல்லாம் எழுதிக்கிட்டு இருந்தா ஆகுமா?

அதோட விட்டுச்சா? தாலியைக் கழட்ட மாட்டேன்னு நின்னுருச்சு. இஞ்ச மன்றம் ஆரம்பிச்சு, நோட்டீஸ் அடிச்சு, எழுத்தாளர் விதவைக்கு உதவித்தொகை கேட்டு மனுவும் போட்டாச்சு. அந்தம்மா பொட்டும் பூவுமா வந்து இரங்கல் கூட்டத்துல உக்காந்தா எப்படி இருக்கும், சொல்லுங்க. தெருப் பொம்பளைங்க நாலு பேரை அனுப்பிப் பேச வெச்சு, ஒருவழியா முடிச்சோம். ஆனா திதி மட்டும் ஒரு வருசம்கூட அது கொடுக்கல. "உசுரோட இருக்கவருக்கு எள்ளுத் தண்ணி எறைக்க மாட்டேன்"னு சொல்லிருச்சு. நன்றி கெட்ட சென்மம். நான்தான் வருசா வருசம் இதே பஸ்ல வந்து, கடல்ல எறங்கி, ஐயாவுக்கு எள்ளும் தண்ணியும் எறைக்கிறேன். என் சொந்த அப்பனுக்குக்கூட இப்படிக் கொடுத்ததில்ல. அந்தம்மாவும் போய்ச் சேந்து கொஞ்ச வருசமாச்சு. வீட்டை மன்றத்துப் பேருக்கு எழுதி வாங்கி நினைவில்லம் ஆக்கினேன்.

வந்து பாக்கணும் நீங்க. ஐயாவோட கட்டில் இருக்கு, யாரும் தொடாம இருக்கச் சுத்தி நாலு கம்பு நட்டு சிவப்புக் கயிறு கட்டியிருக்கேன். கண்ணாடிப் பெட்டியில ஜிப்பா. இன்னொரு பெட்டியில செருப்பு. தெனமும் காலையில பூப் போட்டு ஊதுபத்தி ஏத்துவேன். பொண்டாட்டி, புள்ளைன்னு வெச்சுக்கிட்டா இதையெல்லாம் பாக்க முடியாதுன்னு நான் கல்யாணமே பண்ணிக்கல.

இந்த வருசம் தை பொறந்து, ஒரு மத்தியானம். பூவை மாத்திக்கிட்டு இருக்கேன். வாசல்ல ஒருத்தன் நிக்கிறான். அழுக்கு வேட்டி, வாய் நெறைய வெத்தலை, ஒரு துணிப்பை. பிச்சை கேக்க வந்தவன்னு நெனைச்சேன். கை நீட்டல. நேரா உள்ள வர்றான்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க"ன்னேன்.

"எவன் வீட்டுல எவன்டா செருப்பைக் கழட்டணும்?"

உள்ள போனான் தம்பி. சுத்திப் பாத்தான். ஐயாவோட போட்டோவுக்குப் போட்டிருந்த மாலையைப் பாத்துச் சிரிச்சான். சிவப்புக் கயித்தைக் கையால தூக்கிட்டுக் குனிஞ்சு நொழைஞ்சு, அந்தக் கட்டில்ல, ஐயா படுத்த கட்டில்ல, பொத்துனு விழுந்தான். "கொழுந்து, ஒரு சொம்பு தண்ணி கொண்டா"ங்கிறான்.

கொழுந்துன்னு என்னைக் கூப்பிட்டது உலகத்துலயே ஐயா ஒருத்தர்தான். எவ்வளவு திட்டம் போட்டு வந்திருக்கான் பாருங்க! அதைக்கூட எங்கயோ விசாரிச்சுத் தெரிஞ்சு வெச்சிருக்கான்.

ஆமா. அதேதான் சொல்றான். நான்தான் முள்ளியாற்றான்ங்கிறான். சாகலையாம். விழா முடிஞ்ச கையோட கெளம்பி, கோடியக்கரையில ரெண்டு நாள் கெடந்தானாம். அங்க காய்ச்சல்ல ஒரு பரதேசி நடுங்கிக்கிட்டு இருந்தானாம். தன் ஜிப்பாவைக் கழட்டி அவனுக்குப் போட்டுட்டு, துண்டோட லாரி ஏறிட்டானாம். பெல்லாரிப் பக்கம் ஏதோ ரயில்வே கேன்டீன்ல பாத்திரம் கழுவி, அப்பறம் சமையக்காரன் ஆயிட்டானாம். ஒரு வரி எழுதலையாம், தம்பி. ஒரு வரி! அதைப் பெருமையா வேற சொல்றான். "நிம்மதியா இருந்தேன்டா கொழுந்து. சாம்பார் நல்லாருக்குன்னா நல்லாருக்குன்னு சொல்வாங்க. இல்லன்னா இல்லம்பாங்க. எவனும் என் சாம்பார்ல வேற எதையும் கலந்துட்டு அதைப் பாராட்டல."

ஐயா பேசுற பேச்சா இது? ஐயா ஒரு வார்த்தை பேசுனா அப்படியே எழுதிக்கலாம். இவன் பேசுனா நடுவுல ஏப்பம் வருது. புளிச்ச ஏப்பம். அந்த அறை முழுக்க ஊதுபத்தி வாசனை இருந்த எடம் தம்பி, இப்பப் போய் நில்லுங்க, பீடியும் சால்னாவும் மூத்திரமும் நாறுது. கட்டில்ல உக்காந்தே பரோட்டா தின்பான். சால்னா ஒழுகி ஐயாவோட போர்வையில மஞ்சக் கறை. நகத்தைக் கடிச்சுக் கடிச்சுக் கண்ணாடிப் பெட்டி மேல வரிசையா வெக்கிறான். தெனமும் நான்தான் கூட்டி அள்ளினேன். அள்ளிட்டுக் கையை எத்தனை தரம் சோப்புப் போட்டாலும் அந்த நாத்தம் போகல.

வேற யாருகிட்டயும் சொல்லல. எப்படிச் சொல்றது? வெள்ளையடிக்கிறோம், பார்வை நேரம் கெடையாதுன்னு பலகை எழுதி மாட்டிட்டு, வெளிப்பக்கம் பூட்டிட்டேன்.

செருப்பு வெச்ச பெட்டியத் தொறந்து காலை விட்டான். பொருந்துச்சு. பொருந்தினா? சின்னக் காலு உள்ளவன் ஊருல ஒருத்தன்தானா இருக்கான்?

கண்ணு சரியாத் தெரியலங்கிறான். சரி, சோதிச்சுப் பாப்போம்னு 'நாணற்படுகை'யை எடுத்து நான் படிச்சேன். எனக்கு முழுசும் மனப்பாடம், புத்தகம் சும்மா ஒரு மரியாதைக்கு. எட்டாவது அத்தியாயம், அந்த வெள்ளம் வர்ற எடம், கல்லும் கரைஞ்சுரும். பாத்தா கொறட்டை விடுறான். எழுப்பினா, "என்ன எழவுடா இது, இம்புட்டு இழுத்திருக்கேன்"ங்கிறான். ஐயா எழுதினதை எழவுங்கிறான்! சொந்தமா எழுதினவன் அப்படிச் சொல்வானா?

செம்பகம்மா போட்டோவைப் பாத்ததும் மட்டும் கொஞ்சம் சத்தம் அடங்குச்சு. "எப்படிடா போனா?"ன்னான். சக்கரை வியாதி, காலு புண்ணு வெச்சுப் போச்சுன்னேன். "தாலி?"ன்னான். சொன்னேன். அழுதான் தம்பி. மூக்கு ஒழுக அழுதுட்டு, ஐயாவுக்கு விழாவுல போத்தின பொன்னாடையை எடுத்து மூக்கைச் சிந்திட்டான். தூ. ஐயாவோட கதையில ஒரு ஆம்பளைகூட அழ மாட்டான். படிச்சிருக்கீங்கல்ல?

உக்காருங்க, உக்காருங்க. தேத்தாக்குடிதான் வந்திருக்கு. இன்னும் தூரம் இருக்கு.

இவன் போலிங்கிறதுக்கு அசைக்க முடியாத ஒரு ஆதாரம் என்கிட்ட இருக்கு. கேளுங்க. சிலையைப் பத்திச் சொன்னேன். கல்லுல என்ன வெட்டியிருக்குன்னு கேட்டான். பெருமையா அந்த வரியைச் சொன்னேன். கெழவன் மொகம் செத்துப் போச்சு. "அது நான் எழுதினது இல்லடா"ங்கிறான்! பாத்தீங்களா? உலகமே தலையில தூக்கி வெச்சு ஆடுற வரி, அதை எழுதினது நான் இல்லங்கிறான். அசல் முள்ளியாற்றான் சொல்வாரா? மாட்டிக்கிட்டான்ல?

அப்ப அவரு எப்படி முடிச்சாராம்னு நீங்க கேக்குறீங்க. நானும் கேட்டேன். அவ வீட்டுக்குப் போயி, பானையில கெடந்த பழைய சோத்தைப் பிழிஞ்சு வெச்சு, பச்சமொளகாயக் கடிச்சுக்கிட்டுத் தின்னா, தின்னுட்டுத் தட்டைக் கழுவிக் கவுத்தான்னு முடிச்சிருந்தேன்னான். பழைய சோறு, தம்பி! அப்பேர்ப்பட்ட காவியத்துக்குப் பழைய சோத்துல முடிவா?

உள்ளதைச் சொல்லணும்னா, அச்சுக்கு வந்த தாள்ல அப்படி நாலஞ்சு வரி இருந்துச்சு. இல்லன்னு சொல்லல. ஆனா பாருங்க, அப்பல்லாம் பதினாறு பக்கம் சேந்து ஒரு ஃபாரம். கடைசி ஃபாரத்துல ரெண்டு வரிக்குத்தான் எடம் இருந்துச்சு. மேற்கொண்டு ரெண்டு மூணு வரிக்காக இன்னொரு தாள் போட்டா மொதலாளி என்னையத் தொலைச்சிருவாரு. ஐயா ஊருல இல்ல. ஐயா மனசுல என்ன இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அவரோட ஒவ்வொரு எழுத்தையும் ஈயத்துல கையால கோத்தவன் நான். அந்தச் சோத்து வரியையெல்லாம் கலைச்சுப் பெட்டியில போட்டுட்டு, அவரு சொல்ல நெனைச்சதை ரெண்டு வரியில கோத்தேன். சரியா ஒக்காந்துச்சு. ஒரு எழுத்து கூடல, கொறையல. தெய்வமா வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. அது ஐயாவோட வரிதான். என் கை வழியா வந்துச்சு, அவ்வளவுதான்.

கையெழுத்துத் தாளை அப்பவே அடுப்புல போட்டுட்டேன். மொதலாளி படிக்கவே மாட்டாரு. அந்தப் பழைய சோறு என்னைத் தவிர, ஐயாவைத் தவிர, ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.

இவனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் எனக்கு இன்னும் வெளங்கல. கேடு கெட்ட பய, எங்கயோ மோப்பம் பிடிச்சிருக்கான்.

என்ன தம்பி அப்படிப் பாக்குறீங்க? நீங்களே சொல்லுங்க, ஐயாவா இது? உங்க காலேஜ் புத்தகத்துல போட்டோ இருக்குமே. எவ்வளவு கம்பீரம், அந்த மீசை, அந்தப் பார்வை. இதோ, வாய் தொறந்து கெடக்கு, எச்சில் ஒழுகுது. துண்டால தொடைச்சு விடணும். இருங்க.

…தொடைச்சுட்டேன். கருமம்.

காசு கேட்டாக்கூடக் கொடுத்து அனுப்பியிருப்பேன். கேக்கல. வீடு வேணாம், பேரு வேணாம், மந்திரி பக்கத்துல நாக்காலி வேணாம். "அந்த வரியை மட்டும் கல்லுலேருந்து செதுக்கி எடுத்துரு கொழுந்து. வெறுங்கல்லா இருந்தாலும் பரவால்ல. அதுக்கு மாலை போடுறதைப் பாத்துட்டுச் சாக மாட்டேன். நீ எடுக்கலன்னா நானே விழாவுக்கு வந்து சொல்றேன்"ங்கிறான். நம்புறதுக்கு ஆளு இருக்காங்க தம்பி. செம்பகம்மா சொன்னதைக் காதுல போட்டுக்கிட்ட கெழங்கட்டைங்க தெருவுல இன்னும் ரெண்டு மூணு உசுரோட இருக்கு. அப்பறம் நாப்பது வருசம் நான் செஞ்சதுக்கெல்லாம் என்ன அர்த்தம்? யாருக்குப் பூப் போட்டேன்? யாருக்குத் திதி கொடுத்தேன்?

சரிங்கய்யா, எடுத்துடுறேன்னு சொல்லிட்டேன். வாய்தானே.

அதுக்குக் கெழவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டான். சில்லுனு, பிசுபிசுன்னு இருந்துச்சு, உதறிட்டேன். இன்னொரு ஆசைன்னான். "என் ஜிப்பாவைப் போட்டுக்கிட்டுச் செத்தானே அந்தப் பரதேசி, அவனுக்கு ஒரு பிடி எள்ளு எறைக்கணும். செம்பகத்துக்கும் எறைக்கணும். நீ வருசா வருசம் போறியாமே, என்னையும் கூட்டிட்டுப் போ." அதான் கூட்டிட்டு வந்தேன். அவனே கேட்டான் தம்பி, நான் வான்னு சொல்லல. நீங்க இதைக் கேட்டுக்கிட்டீங்கல்ல? ஞாபகம் வெச்சுக்கங்க.

மேல போட்டிருக்கிறதா? ஆமா, அதே ஜிப்பாதான். பெட்டிக்குள்ள இருந்தது. அதைப் போட்டுக்கிட்டுத்தான் வருவேன்னு அடம். மொதல்ல எனக்கு வயிறு எரிஞ்சுது. அப்பறம் யோசிச்சேன், சரி, போட்டுக்கட்டும். அதே மாதிரி ஒண்ணு தைச்சுப் பெட்டியில வெச்சுட்டாப் போச்சு. கறைதானே? அதே மை, அதே கட்டைவிரல் என்கிட்ட இருக்கு.

எழுப்பாதீங்க! எதுக்கு எழுப்புறீங்க? பஸ்ல வாந்தி எடுப்பான்னு மாத்திரை கொடுத்திருக்கேன். எறங்குறப்பகூடத் தள்ளாடத்தான் செய்வான், நான் கைத்தாங்கலா பிடிச்சுக்குவேன். நாங்க எறங்குற எடம் எனக்கு அத்துப்படி. மேலாப்புல பாத்தா ஆழமே இருக்காது, முட்டி அளவுதான். ஆனா அடியில சேறு. வயசானவங்க காலு வெச்சா உள்வாங்கும், சட்டுனு எடுக்க வராது. வருசா வருசம் நான் பத்திரமாப் பாத்துத்தான் எறங்குவேன். இவனுக்கு அதெல்லாம் தெரியாது. யாராவது பின்னாடி உங்ககிட்ட விசாரிச்சாங்கன்னா, நான் வழியெல்லாம் ஜன்னலைச் சாத்தச் சொல்லி, எச்சில் தொடைச்சு, எவ்வளவு மரியாதையா கூட்டிட்டு வந்தேன்னு சொல்லுங்க. படிச்ச பிள்ளை, நீங்க சொன்னா கேப்பாங்க.

போனை ஏன் எடுக்குறீங்க? உப்பளமெல்லாம் தாண்டியாச்சு, இனிமே காடுதான், சிக்னல் கெடைக்காது. வையுங்க உள்ள. உங்களுக்குப் பறவை, எங்களுக்குத் திதி. அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாப்போம்.

கலங்கரை வெளக்கம் தெரியுது பாருங்க, வந்துட்டோம். ஐயா… ஐயா, எந்திரிங்க. தலை கம்பியில இடிச்சுக்கும், பாத்து. மெதுவா. செருப்பு கழண்டு கீழ கெடக்குது, இருங்க, நானே மாட்டி விடுறேன்.

தம்பி, இஞ்ச கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. எவ்வளவு சின்னக் காலு. அப்படியே பொட்டப்புள்ள காலு மாதிரி. செம்பகம்மா சரியாத்தான் சொல்லியிருக்கு.

நல்லதாப் போச்சு. இந்தத் தடவை காலைப் பாத்து யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.